கூரைக் கல்

பரசுராமன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஆள் இந்த ஊரிலேயே இருக்கமாட்டான் என்பது அடி அண்ணாமலை முழுக்கத் தெரிந்த விஷயம். உடம்பு சீட்டில் இருக்கும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், மனசு மட்டும் எங்கேயோ கிளம்பிப் போயிருக்கும். ஒரு வருஷம் இராமலிங்கத்தின் கழனியை உழப் போனவன், அதே வேகத்தில் பக்கத்துக் கழனியிலும் பாதியை உழுதுவிட்டு வந்தான். கேட்டதற்கு, "மண்ணு ஒரே மாதிரி இருந்துச்சுங்க" என்றானாம். அதற்காக அவனை யாரும் வைதுவிடவில்லை. தூக்கத்தில் உழுதாலும் கோணல் இல்லாமல் உழுகிறவன் ஊருக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள்?

அந்தக் கார்த்திகையில் அவன் மனசு போய் உட்கார்ந்துகொண்ட இடம் அவனுடைய வீடு. சொந்த வீடு. சுவர் எழும்பி, பலகை அடித்து, கம்பி கட்டி, மேலே கான்கிரீட் போடவேண்டியது மட்டும்தான் பாக்கி. மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் கொத்தனார் வந்து இறங்கிய நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அவன் மனைவி சந்திரம்மாள் தகர ஷெட்டில் படுத்துக்கொண்டு, கூரையில்லாத அந்தச் சுவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு மாதமாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் பரசுராமனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

தீபத்துக்கு ஆறு நாள் இருந்தது. கிரிவலப் பாதையை ஒட்டி வெளிப்பக்கம் கிடக்கும் நாலு ஏக்கர் காலி இடத்தில் கார் நிறுத்த ஏற்பாடு. மழைக்குப் பிறகு இடுப்பளவு புல் நின்றது. காண்ட்ராக்ட் எடுத்திருந்த புகழேந்தி, டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் புல் வெட்டும் மெஷினோடு பரசுராமனை வரச் சொல்லியிருந்தான்.

அந்த இடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மலை சுற்ற வருகிறவர்களில் சொந்த வீடு வேண்டுகிறவர்கள் பாதையிலிருந்து இறங்கி இங்கே வந்து உட்காருவார்கள். நாலு கல்லைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு தட்டைக் கல்லைக் கூரையாக வைத்து, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வருஷம் முழுக்க அப்படிக் கட்டிய முழங்கால் உயரம்கூட இல்லாத வீடுகள் புல்லுக்குள் மறைந்து கிடந்தன.

"அண்ணா, மொதல்ல ஆளை உட்டு கல்லெல்லாம் பொறுக்கிட்டு அப்புறமா மெஷினை எறக்குங்க" என்று புகழேந்தி படித்துப் படித்துச் சொன்னான். "பிளேடுல கல்லு மாட்டுச்சுன்னா எங்க போய் உழும்னு யாருக்கும் தெரியாது. தோட்டா மாதிரி போவும்."

பரசுராமன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். ஆனால் யாரோ ஒரு புண்ணியவதி எந்த ஊரிலிருந்தோ வெறுங்காலோடு நடந்து வந்து கட்டிவைத்த வீட்டை எப்படிக் கலைப்பது? அதுவும் தன் வீட்டுக்குக் கூரை ஏறாமல் கிடக்கிற நேரத்தில்? சந்திரம்மாளிடம் கேட்டபோது அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அடுத்தவங்க வீட்டை இடிச்சுட்டு நம்ம வீட்டுக்கு எப்படிங்க கூரை போடறது?"

ஆகவே அவர்களாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சந்திரம்மாள் தன் பழைய சிவப்புப் புடவை ஒன்றைக் கிழித்துக் குச்சிகளில் கட்டினாள். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேருமாகப் புல்லை விலக்கி விலக்கித் தேடி, கண்ணில் பட்ட கல் வீடு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சியை நட்டார்கள். சிவப்புத் துணி தெரிகிற இடத்தை மெஷின் சுற்றிப் போகும், வீடும் நிற்கும், வேலையும் முடியும். புகழேந்திக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று தெரிந்திருந்ததால்தான் சொல்லவில்லை.

"நாளைக்கு மெஷின் ஓடுறப்ப வேலிக்கு உள்ள கால் வைக்காத" என்றான் பரசுராமன். "சாப்பாட்டைக் கேட்டுலயே மாட்டிட்டுப் போயிடு."

"ஏன், வந்தா உங்க மெஷின் என்னைத் தின்னுடுமா?"

"தின்னாது. அது துப்புறதுக்குத்தான் பயம்."

காலையில் மலை இருந்த இடத்தில் வெறும் பனிதான் இருந்தது. டிராக்டர் முதல் சால் போனபோது அடிப்பக்கம் கொஞ்சம் தெரிந்தது, இரண்டாவது சாலில் அதுவும் மறைந்தது. வெட்டுப்பட்ட பச்சைப் புல்லின் வாசனை எழுந்து மூக்கை நிறைத்தது. பின்னாலேயே நாலைந்து கொக்குகள், பூச்சிக்காக, பெரிய மனிதர்கள் மாதிரி நடந்து வந்தன. மெஷினின் உறுமல் கொஞ்ச நேரத்தில் காதுக்குள் தாலாட்டாக மாறிவிட்டது. சிவப்புத் துணி வந்தால் கை தானாகத் திருப்பியது, தாண்டியதும் தானாக நேராக்கியது. பரசுராமன் கிளம்பிவிட்டான்.

அவன் தன் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். கான்கிரீட் போட்டாகிவிட்டது. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, சுவரில் ஈரச் சுண்ணாம்பு மணம். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறை, அதிலிருந்து இன்னொன்று, கட்டியதைவிட நிறைய அறைகள் இருந்தன, அவன் அதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொக்குகள் நடந்தன. சமையலறையில் சந்திரம்மாள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு இன்னதென்று புரியவில்லை, ஆனால் சந்தோஷமான பாட்டு. அவன் வாசற்படியில் நின்று கேட்டான். அவள் கையிலிருந்து தட்டு நழுவித் தரையில் விழுந்தது.

டங்!

தட்டுதானே என்று இரண்டு கஜம் தூரம் சிரித்துக்கொண்டே போனான். அப்புறம்தான் சீட்டுக்கு அடியில் வந்த அதிர்வு முதுகெலும்பில் ஏறியது. திரும்பிப் பார்த்தான். கொக்குகள் எல்லாம் ஆகாயத்தில் இருந்தன. மெஷினுக்குப் பின்னால் கல்லைத் தடுக்கத் தொங்கவிட்ட சங்கிலிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவன் கடந்து வந்த இடத்தில், குச்சியும் இல்லாமல் துணியும் இல்லாமல், நேற்று அவர்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு கல் வீடு சிதறிக் கிடந்தது.

என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். சுவர்க் கற்கள் நாலும் அங்கேயே இருந்தன. கூரைக் கல்லைக் காணவில்லை.

நாலு பக்கமும் பனி. எந்தப் பக்கம் போயிருக்கும்? பாதையில் ஆள் நடமாட்டம் கேட்டது. யாரோ ஒருவர் போனில் சிவநாமம் ஓடவிட்டபடி நடந்து போனார். பரசுராமன் ஓடினான்.

கேட்டுக்கு எதிரில் பூவும் கற்பூரமும் விற்கும் பாஞ்சாலை கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் கல்லு எதுனா வந்துச்சா?"

"கல்லு இன்னாத்துக்குப்பா வருது? காலையில இருந்து கஸ்டமரே வரல."

அவன் பாதையில் போகிறவர்களின் தலையை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு காவி உடைச் சாமியாரை நிறுத்தி, "சாமி, உங்க மேல கல்லு எதுனா பட்டுதுங்களா?" என்று கேட்டான். அவர் பொறுமையாகத் தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆவலப்பா. உனக்கு இன்னா ஆச்சு?" என்றார். ஒரு வெள்ளைக்காரப் பெண் அவனைப் பார்த்துக் கைகூப்பினாள். அவனும் கூப்பினான். எல்லோரும் முழுசாக இருந்தார்கள். பனிக்குள்ளிருந்து வந்தார்கள், பனிக்குள் போனார்கள். அப்பாடா என்று மூச்சு விடத் திரும்பியவன், கேட்டில் தொங்கிய பையைப் பார்த்தான்.

சாப்பாட்டுப் பை. தொட்டுப் பார்த்தான். சூடு ஆறவில்லை.

"சந்திராவா? அப்பவே வந்துச்சே" என்றாள் பாஞ்சாலை. "மெஷின் அந்தாண்ட கோடியில இருக்குது, சட்டுனு போயிட்டு வந்துடறேன்னு உள்ள பூந்துச்சு. இன்னும் வரலியா?"

பரசுராமன் போனை எடுத்து அழுத்தினான். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து மணி அடித்தது.

அதற்குப் பிறகு அவன் ஓடியது அவனுக்கே சரியாக நினைவில்லை. கால் ஓடியது, நிலம் நகரவில்லை. "சந்திரா!" என்று கத்தினான். பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. புல்லுக்கு மேலே சிவப்பாக ஏதோ தெரிந்தது, பாய்ந்து போனான், குச்சியில் கட்டிய துணி. இன்னும் தள்ளி இன்னொரு சிவப்பு, அதுவும் துணி. எல்லாம் அவள் புடவை. போகிற பக்கமெல்லாம் அவள் நின்றாள், கிட்டப் போனால் அவள் இல்லை. "சந்திரா! சந்திராம்மா!" கல்யாணம் ஆன புதிதில்கூட அவளை அப்படிக் கூப்பிட்டது கிடையாது.

இன்னும் வெட்டாத மூலையில், உயரமான புல்லுக்கு நடுவே, அவள் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை.

அவன் நின்றுவிட்டான். முன்னால் போய் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கத்தாதீங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "வந்துடுச்சு."

உயிர் திரும்பியது. "இன்னா வந்துச்சு?"

"கூரை."

அவள் திரும்பினாள். கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நாலு மாதமாக எந்தச் சிரிப்புக்காக அவன் ஏங்கினானோ அந்தச் சிரிப்பு. அவள் முன்னால் ஒரு கல் வீடு இருந்தது. போன வருஷம் அவளே கட்டியது.

"அப்ப சுவருக்குத்தாங்க கல்லு கெடைச்சுது. மேல வைக்கத் தட்டையா ஒண்ணும் கெடைக்கல, அப்படியே உட்டுட்டுப் போயிட்டேன். நேத்து பாத்தப்பதான் உறைச்சுது. அதான் நம்ம வீட்டுக்கும் கூரை ஏற மாட்டேங்குது. சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு, ஒரு கல்லு தேடி வச்சுட்டுப் போயிடலாம்னு வந்தேன். குனிஞ்சு தேடிகினே இருக்கேன், காதாண்ட புஸ்ஸுனு ஒரு காத்து. என் முன்னாலயே வந்து உழுந்துச்சுங்க. தோசை மாதிரி தட்டையா. யாருமே இல்ல. வானத்துல இருந்து. எடுத்து வச்சேன், அளவெடுத்தாப்ல உக்காந்துடுச்சு. அண்ணாமலையாரே போட்டாருங்க."

பரசுராமன் அந்தக் கூரைக் கல்லைப் பார்த்தான். அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் புதுசாக ஒரு வெட்டு, வெள்ளை வெளேரென்று. பிறகு அவள் தலையைப் பார்த்தான். காலையில் கொண்டை முழுக்கச் சுற்றியிருந்த கனகாம்பரம் இடப்பக்கம் மட்டும்தான் இருந்தது. வலப்பக்கத்துச் சரம் அறுந்து, அவளுக்குப் பின்னால் புல்லில் கிடந்தது. அவளுக்கு அது தெரியாது.

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். அவனுக்கு அந்த ஆசை பலமாகவே வந்தது. சிரிக்கிறாள், சிரித்துவிட்டுப் போகட்டுமே. அவனும் கூடச் சேர்ந்து கும்பிட்டுவிட்டால் போதும். இரண்டு பேருமாக அந்தக் கனவில் இருந்துகொள்ளலாம், மழையும் விட்டுவிடும், கூரையும் ஏறிவிடும். ஆனால் அவள் இதைப் பாஞ்சாலையிடம் சொல்வாள். பாஞ்சாலை ஊருக்கே சொல்வாள். நாளைக்கு மெஷின் ஓடும்போது வானத்திலிருந்து விழும் கல்லுக்காகப் புல்லுக்குள் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

"சந்திரா" என்றான். "அது சாமி போட்டது இல்ல. நான் போட்டது."

அவள் சிரித்தாள். அவன் அவள் கையைப் பிடித்து, விரலைக் கல்லின் ஓரத்தில் வைத்தான். "பிளேடு பட்டது இது. இன்னும் சொரசொரப்பு போவல பாரு." பிறகு புல்லிலிருந்த பூச்சரத்தை எடுத்து அவள் மடியில் போட்டான்.

சந்திரம்மாள் பூவைப் பார்த்தாள். கை தலைக்குப் போய், கொண்டையைத் தடவி, அறுந்த நாரின் முனையில் நின்றது. அங்கிருந்து காது ஒரு விரற்கடை. அவள் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் கையாலேயே அதை அணைத்துவிட்டோமே என்று அவனுக்கு நெஞ்சு வலித்தது.

அவள் அந்தக் கூரைக் கல்லைத் தூக்கித் தரையில் வைத்தாள். பிறகு சுவர்க் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதையும் சேர்த்து மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துடலாங்க" என்றாள். "வேலிக்கு வெளிய வச்சுடலாம்."

அடுத்த சிவப்புத் துணிக்குப் போனாள். அதைக் கட்டிய முன்பின் தெரியாத வீட்டுக்காரி எதிரில் இருப்பதுபோல, "கோச்சுக்காதம்மா, இடிக்கல, இடம்தான் மாத்தறேன்" என்று சொல்லிச் சொல்லி எடுத்தாள். பரசுராமன் துண்டை விரித்து வாங்கிக்கொண்டான். மூன்றாவது வீட்டோடு அவள் நின்றுவிட்டாள். யாருடையதோ ஒரு கல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உடம்பு குலுங்க அழுதாள். பயம் அப்போதுதான் அவளிடம் வந்து சேர்ந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பனி விலகி மலை முழுசாகத் தெரிந்தது. அழுது ஓய்ந்த பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஓடியாறப்ப கத்துனது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "கேட்டுகினுதான் பதில் சொல்லாம உக்காந்திருந்தேன்."

"ஏன் சந்திரா?"

"இன்னொரு வாட்டி கூப்புடுவீங்களான்னு பாத்தேன்."

பரசுராமன் கூப்பிட வாயைத் திறந்தான். "சந்திராம்மா" என்றான், இந்த முறை மெதுவாக.