வேங்கிக்கால் லண்டன்

ஃப்ளெக்ஸ் மட்டும் வைக்காமல் இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்று உண்ணாமலை இன்றைக்கும் நினைத்துக்கொள்வாள். வைத்தவன் கோபி, அவள் கணவன் முருகையனின் தம்பி. அண்ணன் மகன் செழியனுக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கொடுத்துக் கடிதம் வந்த மூன்றாம் நாளே, அடி அண்ணாமலை பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டுக்கு எட்டில் ஒன்றைக் கட்டிவிட்டான். மேலே விமானம், ஓரத்தில் ஒரு மணிக்கூண்டு, நடுவில் கோட்டு சூட்டோடு செழியன். கோட்டு கம்ப்யூட்டரில் மாட்டியது. ‘மேற்படிப்புக்காக லண்டன் செல்லும் எங்கள் குலவிளக்கே’ என்று வாழ்த்திய தலைகள் மொத்தம் முப்பத்திரண்டு. அதில் நாலு தலைக்கு இன்னும் பால்பல்லே விழவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் இருந்தது லண்டனே இல்லை, வேறு ஏதோ ஊர். அதை யார் கேட்டார்கள்?

விசா கையில் வரட்டும் என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பந்தல் போட்டு, பிரியாணி போட்டு, பையன் விரலில் மோதிரம் போட்டு, வழியனுப்பு விருந்து தடபுடலாக நடந்து முடிந்தது. பத்து நாள் கழித்து விசா கிடையாது என்று வந்துவிட்டது. பேங்க் காகிதத்தில் ஏதோ தேதி இடித்ததாம். இரண்டே நாள் வித்தியாசம்.

செழியன் படுத்த பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் பல்கலைக்கழகத்திடமிருந்தே ஒரு மெயில் வந்தது. அதே படிப்பை உன் நாட்டில் இருந்துகொண்டே ஆன்லைனில் படிக்கலாம், இரண்டு வருஷம் ஆகும். அதே வாத்தியார்கள், அதே பரீட்சை, கடைசியில் கைக்கு வருவதும் அதே பட்டம்தான். பையன் எழுந்து முகம் கழுவினான். உண்ணாமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளை கண்ணெதிரேயே இருப்பான், சீமைப் படிப்பும் ஆகும், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

முருகையனுக்கு வேண்டியிருந்தது. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை அவருக்கு. தண்ணீர் வரவில்லை, வந்தது போதவில்லை என்று முப்பது வருஷமாக ஊரார் வாயில் விழுந்து எழுந்த மனிதர். அந்த ஃப்ளெக்ஸுக்குப் பிறகுதான் டீக்கடையில் அவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

“போவலன்னு தெரிஞ்சா சிரிப்பாங்க, உண்ணாமல” என்றார். “போனவன் போனவனாவே இருக்கட்டும். ரெண்டு வருஷந்தான.”

ஏர்போர்ட் வரைக்கும் வருகிறோம் என்று வேன் பேசிய கூட்டத்தை, போலீஸ்காரன் ஒருத்தருக்கு மேல் விடமாட்டான் என்று சொல்லி மடக்கினார். அப்பாவும் பிள்ளையும் இரண்டு பெரிய பெட்டிகளோடு டவுனிலிருந்து வந்த வாடகைக் காரில் ஏறினார்கள். தெருவே கையாட்டியது. கார் சென்னைக்குப் போகவில்லை. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பார்த்து வைத்திருந்த ரூமுக்கு முன்னால் போய் நின்றது. பஸ்ஸில் போனால் அரைமணி நேரத்து லண்டன்.

பையன் உண்மையாகவே படித்தான், அதைச் சொல்லியாக வேண்டும். அங்கே காலை விடியும்போது இங்கே சாப்பாட்டு வேளை. தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு வகுப்புக்கு உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டான். ஒரு பாடத்தில் வகுப்புக்கே முதல் மார்க். அத்தை காசியம்மாள் வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வான். சித்திரை வெயிலிலும் அதே ஸ்வெட்டர்.

“இன்னாடா, மூஞ்சில இப்டி வேர்த்து ஊத்துது?”

“ஹீட்டர் ஜாஸ்தியா வச்சுட்டேன் அத்த.”

காசியம்மாள் முருகையனின் அக்கா. அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. அவளே நம்பிவிட்டாள் என்றால் ஊர் நம்பிய மாதிரிதான் என்று முருகையன் நிம்மதியாக இருந்தார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். முருகையன் வாரம் தவறாமல் மனு கொடுக்கப் போனார். மஞ்சள் பைக்குள் மேலே மனு, அடியில் சாப்பாட்டு கேரியர். “எத்தினி மனுண்ணா குடுப்ப, கலெக்டர் மாறிட்டாரு, நீ மாறமாட்டேங்கற” என்று பஸ் ஸ்டாப்பில் கேலி பேசுவார்கள். வெறும் பேச்சுக்குச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று நிஜமாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அந்த வகையில் ஊருக்கு இரண்டு தெரு விளக்கும் ஒரு சாக்கடை மூடியும் வந்து சேர்ந்தன.

உண்ணாமலைக்குக் கிரிவலப் பாதையில் மோர்க்கடை. அவள் பிள்ளையைப் பார்ப்பது பௌர்ணமிக்குப் பௌர்ணமி. லட்சம் சனத்தில் ஒருத்தனாக, மாஸ்க் போட்டுக்கொண்டு கடை முன்னால் வந்து நிற்பான். டம்ளரைக் கொடுக்கும்போது விரலை ஒரு தரம் அழுத்துவாள். “இன்னொண்ணு குடிப்பா, தூரம் நடக்கணும்” என்பாள், யாரோ எவரோ பேசுவதுபோல. அவ்வளவுதான் பேச்சு. பக்கத்துக் கடைக்காரி பார்க்கிறாளே என்று அவனிடம் பத்து ரூபாயும் வாங்கிக்கொள்வாள். பெற்ற பிள்ளைக்கு மோரை விற்ற பாவி என்று பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

இப்படியே ஒரு வருஷம் எட்டு மாதம் ஓடிவிட்டது. இன்னும் நாலு மாதம், ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை பாக்கி. அது முடிந்தால் பெட்டியோடு வந்து இறங்கிவிடலாம்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலை முருகையன் மோட்டார் ரூமிலேயே விழுந்துவிட்டார். வாய் கோணிக்கொண்டது, பேச்சு போயிற்று, வலது பக்கம் முழுக்க மரத்துவிட்டது. மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மறுநாள் காலையே ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். சொந்தபந்தம் அத்தனையும் வந்து சூழ்ந்துகொண்டது. உண்ணாமலை செல்போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள்.

“அம்மா, நான் கெளம்பி வரேன்.”

“வேணாம்டா. வூடு முழுக்க ஜனம். நேத்து வுழுந்தவருக்கு இன்னிக்கே எப்டி வந்தான்னு கேப்பாங்க. படுத்துக் கெடக்கறப்ப உங்கப்பாவ அசிங்கப்படுத்தணுமா?”

“எனக்கு ஒண்ணும் அசிங்கமில்லம்மா.”

“அவருக்கு இருக்குது. இத்தினி நாள் அவர் காப்பாத்துனத நாம ஒடைக்கக் கூடாது.” கூடத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “லண்டன்லேர்ந்து வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?”

 “டிக்கெட் கெடச்சு வந்து சேர ரெண்டு நாள் ஆவும்மா” என்றான். குரல் உடைந்திருந்தது.

“அப்ப சனிக்கெழம காலைல வா. பெட்டிய எடுத்துக்கினு வா.”

அவள் கூடத்துக்குத் திரும்பியபோது முருகையன் இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டிக்கொண்டிருந்தார். தண்ணியா, வலிக்குதா, வெளிச்சம் கண்ணைக் கூசுதா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். உண்ணாமலைக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அந்த நிலைமையில் அவருக்குக் கௌரவம் ஞாபகம் இல்லை. பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறான் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

கோபி வீடியோவில் செழியனைக் கூப்பிட்டு, போனை அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தான். “அப்பா” என்றான் பையன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை இடது கையால் தள்ளிவிட்டு மறுபடியும் வாசலைக் காட்டினார்.  எல்லாரும் உண்ணாமலையைப் பார்த்தார்கள். அவள் குனிந்து போர்வையைச் சரிசெய்தாள்.

“உண்ணாமல, எந்தம்பி இன்னா கேக்கறான்னு உனக்குப் புரியுதா?” என்றாள் காசியம்மாள்.

“தண்ணி கேக்கறாரு அண்ணி” என்று சொல்லி, ஸ்பூனில் எடுத்து வாயில் விட்டாள். அது கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. சாயங்காலம் காசியம்மாள் அதையே இன்னொரு தரம் கேட்டாள். உண்ணாமலையும் அதே பதிலைத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு முருகையன் போய்விட்டார்.

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சாமியானா கட்டினார்கள். ஐஸ் பெட்டிக்கு வாடகை பேச டவுனிலிருந்து ஒரு ஆள் வந்தான். அவனுக்கு இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது. “பையன் ஃபாரின்ல இருக்கறாராமே, பஸ் ஸ்டாப்புல சொன்னாங்க. பெட்டி ஒரு நாளைக்கா, ரெண்டு நாளைக்கா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். கூட்டம் உண்ணாமலை பக்கம் திரும்பியது.

நாளைக் காலையில் வந்துவிடுவான் என்று சொல்லத்தான் உண்ணாமலை வாயைத் திறந்தாள்.  இரண்டு நாளாக எவ்வளவோ சமத்தாகச் சொன்ன பொய், இப்போது வாயில் வரவில்லை. செத்துக் கிடக்கிற மனிதருக்கு இனி என்ன மானம், என்ன அவமானம் என்று ஒரு வெறுப்பு அவளுக்குள் மண்டிக்கொண்டு வந்தது.

“எம்புள்ள லண்டன்ல இல்ல” என்றாள். “போவவே இல்ல. வேங்கிக்கால்லதான் இருக்கறான். நாங்க பொய் சொன்னோம். எல்லாரும் என்னக் காறித் துப்புங்க.”

ஒருத்தர் முகமும் மாறவில்லை.

“தெரியும் அண்ணி” என்றான் கோபி.

அவள் அவனையே பார்த்தாள்.

“மொத மாசமே ஜெராக்ஸ் கடையில பாத்துட்டேன். அக்காகிட்ட வந்து சொன்னேன். எவனாவது வாயத் தொறந்தா நாக்க அறுத்துடுவேன்னுச்சு அக்கா. அண்ணன் அவ்ளோ சந்தோஷமாத் திரியறாரு, அதக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? தெருவுக்கே தெரியும் அண்ணி.”

“அப்ப ரெண்டு நாளா ஏன் சொல்லல, கோபி? ஏன் சொல்லல?”

“நீங்களே கூப்புடுவீங்கன்னு இருந்தோம். நாங்களாச் சொன்னா உங்களுக்குத் தலகுனிவாப் பூடும்னு…”  துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

உண்ணாமலை அப்போதுதான் அழுதாள். அவருக்காக அவள் மறைத்தாள், அவளுக்காக ஊர் மறைத்தது. ஒன்றையும் மறைக்காமல் கையை நீட்டிக் கேட்டவர் அந்த வீட்டில் ஒரே ஒருத்தர். கொடுக்கக்கூடியது பக்கத்திலேயே இருந்தும், தெரிந்த இத்தனை பேரும் சுற்றி நின்றுகொண்டு, அவருக்குத் தண்ணீரைக் கொடுத்தார்கள்.

காசியம்மாள் உண்ணாமலையின் முந்தானையிலிருந்து போனை எடுத்தாள். “செழியா, அத்த பேசறேன். வாடா கண்ணு” என்று மட்டும் சொன்னாள்.

கால்மணி நேரத்தில் வந்துவிட்டான். யாரிடமோ இரவல் வாங்கிய பைக், கட்டியிருந்த லுங்கி, பழைய பனியன். பெட்டி இல்லை. சாமியானாவுக்குள் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். வெளியூரிலிருந்து சாவு வீட்டுக்கு வருகிறவர்களை எப்போது கிளம்பினாய், எதில் வந்தாய் என்று விசாரிப்பது அந்த ஊர் வழக்கம். அவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

அவன் கட்டில் அருகே மண்டியிட்டு அப்பாவின் இடது கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். வைத்த பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

“சூடு இருக்குதேம்மா” என்றான்.

“மூணு மணி வரைக்கும் இருந்தாருடா” என்றாள் உண்ணாமலை.