இருபதுக்கு மேலே ஒன்று

வளைகுடாவில், ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பில் பதினேழாம் நம்பர் ரூம் ஏசி ரிமோட்டுக்குக் கட்டுப்படாது. சீட்டாட்டத்தில் கேட்கிற கேள்விக்குத்தான் கட்டுப்படும். அங்கே நாலு பேர், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து இருபத்தெட்டு ஆடுவார்கள். முதல் நாலு சீட்டைப் பார்த்ததும், இத்தனை புள்ளி எடுப்போம் என்று பதினாறிலிருந்து ஏற்றிக் கேட்க வேண்டும். மேலே கேட்டவன் துருப்பு வைப்பான். பதினெட்டு என்று ஒருவன் கேட்டு, அவனால் அது முடியும் என்றால், ஏசி டிக்கென்று பதினெட்டுக்கு வந்துவிடும். வாய்ச்சவடால் என்றால் அசையாது. இரண்டு வருடத்தில் அது பொய் சொன்னதில்லை என்று கேம்ப் முழுக்கப் பேச்சு. அது ஒத்துக்கொண்ட கேள்விக்கு மேல் எவனும் கேட்டதே இல்லை என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

அந்த நாலு பேரில் சோலைமுத்து மட்டும் நம்பவில்லை. எதிர்க்கட்சி மீராசா ஏசி மெக்கானிக். அது போதாதா? சோலைமுத்து மூன்று முறை ஏசி மூடியைக் கழற்றிப் பார்த்தான். தூசியும் ஒரு பல்லியும்தான் இருந்தன. பல்லி மேலும் அவனுக்குச் சந்தேகம்.

"வல்லாகி, நான் கைய வைக்கலண்ணே" என்றான் மீராசா.

"கைய வச்சவன்தான் மொதல்ல சத்தியம் பண்ணுவான்."

அந்த வருடம் பிளான்ட்டில் ஷட்டவுன், பழுதுபார்க்கும் வேலை இரட்டிப்பு. ரூமுக்கு இரண்டு பேருக்குத்தான் லீவு, நீங்களே பேசிக்கொள்ளுங்கள், கலாஸ், அவ்வளவுதான் என்று ஃபோர்மேன் போய்விட்டான். ஆவணியில் சோலைமுத்துவின் மகள் ஜோதிமணிக்குக் கல்யாணம். மீராசா தன் பிள்ளையை மூன்று வருடமாகப் போனில் மட்டும் பார்த்தவன். எவனும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஒரே ஆட்டம், ஜெயித்த ஜோடிக்கு லீவு என்று முடிவானது.

மீராசா எடுத்ததும் இருபது கேட்டான். ஏசி டிக்கென்று இருபதுக்கு வந்தது. சோலைமுத்துவின் ஜோடி மணிமாறன் பாஸ். மீராசாவின் ஜோடி இர்ஷாத் சிரித்துக்கொண்டே பாஸ். சோலைமுத்து தன் கையைப் பார்த்தான். இந்த ஆட்டத்தில் பெரிய சீட்டான இஸ்பேடு ஜாக்கி, அடுத்ததான ஒன்பது, மிச்சம் இரண்டும் குப்பை. பாஸ் சொன்னால் மகள் கல்யாணத்தை வீடியோவில் பார்க்க வேண்டும். மீராசா சீட்டைப் பார்த்துக் கேட்டானா, ஏசியை நம்பிக் கேட்டானா?

"இருபத்தொண்ணு."

ஏசி அசையவில்லை.

"அண்ணே, நகரலண்ணே. என் கையும்..." என்று இழுத்தான் மணிமாறன்.

"வாய மூடுடா. உன் கைய நீயே சொன்னா அது ஆட்டமா?"

மீராசா மேலே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏசியே மறுத்துவிட்டதே, எதற்கு வீணாக? இஸ்பேடு துருப்பானது. அடுத்த நாலு சீட்டில் சோலைமுத்துவுக்கு மேலும் இரண்டு துருப்பு விழுந்தன. எப்படியும் தோற்பான் என்று மீராசா மெத்தனமாக ஆடினான்; கடைசியில் அடிக்கலாம் என்று இரண்டு ஜாக்கியைப் பிடித்து வைத்தான். இரண்டையும் சோலைமுத்து துருப்பால் வெட்டினான். எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு. கொஞ்ச நேரம் கழித்து ஏசி டிக்கென்று இருபத்தொன்றுக்கு வந்தது.

சோலைமுத்து ஊருக்குப் போனான். மாப்பிள்ளையையும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பொண்ணைக் கொடுத்தான். மண்டபத்தில் இருக்கும்போது மீராசாவின் போன் வந்தது.

"அண்ணே, ஏசி இருபத்தொண்ணுலயே நிக்குது. என்ன கேட்டாலும் அசைய மாட்டேங்குது."

"நீ கழட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். பல்லிதான் இருக்கு."

"சரி, மூடி வையி. பொண்ணு மாப்ள வர்றாங்க, வாழ்த்துச் சொல்லு" என்று போனை மகளிடம் கொடுத்தான்.