குட்டிக்கு ஒரு மஞ்சள் சேலை

புசல்லாவையில் ஆட்டோ ஓட்டும் முத்துலிங்கத்துக்கு நாய்க்குட்டி வளர்க்கும் எண்ணம் தானாக வந்ததல்ல. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் அவன் மனைவி வீரம்மாதான் சொன்னாள். அவள் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. புது வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு கிளம்பியவள், சுவருக்குப் பெயின்ட் அடித்ததைப் போனில்தான் பார்த்தாள்.

"பேசுறப்பல்லாம் தொண்டை கட்டின மாதிரியே இருக்கு உங்களுக்கு. நாள் பூரா யாருகிட்டயும் பேசுறதில்லையா?"

"ஆட்டோவுல ஹயர் வர்றவங்ககிட்ட பேசுறேன்ல."

"அது ஒரு பேச்சா? ஒரு குட்டி எடுங்க. ஆனா நானும் பார்த்துத்தான் எடுக்கணும்."

பேராதனையில் யசோதினி டீச்சர் வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றவர். ஆளைப் பார்த்துத்தான் குட்டி கொடுப்பார் என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை நன்றாகச் சவரம் செய்துகொண்டு போனான்.

"வாங்கோ. முதல்ல ஓடி வாறதைப் பார்த்து மயங்காதேங்கோ. கையைத் தட்டிப் பாருங்கோ. பயந்து ஓடினாலும் திரும்பி வந்து பார்க்கிறதுதான் நல்ல குட்டி" என்றார்.

முத்துலிங்கம் வீரம்மாவை வீடியோ காலில் அழைத்துவிட்டுக் கையைத் தட்டினான். இரண்டு குட்டிகள் தாயின் பின்னால் போய் ஒளிந்தன. இரண்டு, சத்தத்தைக் கவனிக்காமல் ஒன்றின் காதை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன. மண் நிறத்தில் ஒன்று மட்டும் துள்ளி விலகி, பிறகு மெதுவாக வந்து அவன் செருப்பை முகர்ந்தது.

"அதுதான்" என்றாள் வீரம்மா, குரலைத் தாழ்த்தி. அவளுக்குப் பின்னால் பாத்திரங்கள் குவிந்திருந்தன. "வயித்தக் காட்டுங்க. உப்பியிருந்தா பூச்சி இருக்கும். பொட்டையா?"

"பொட்டைதான்."

"பொட்டைன்னா நல்லது. வீட்ட விட்டு எங்கயும் போகாது."

சொல்லிவிட்டு அவளே பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவன் போனை அப்படியே சட்டைப் பையில் வைத்தான்.

"பகல்ல வீட்டில ஆர் இருக்கினம்?" என்று டீச்சர் கேட்டார்.

"என் வைஃப் இருக்காங்க. எப்பவும் வீட்டுலதான்."

பொய்தான். ஆனால் அதைச் சொன்ன கணத்தில் வீரம்மா அடுப்படியில் நிற்பது போலவே இருந்தது அவனுக்கு. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல ஆசையாக இருந்தது. அதற்குள் சட்டைப் பைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அவரு பொய் சொல்றாருங்க டீச்சர். நான் குவைத்துல இருக்கேன். வீட்டுல யாரும் இல்ல."

முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் கையை நீட்டிப் போனை வாங்கி, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் இல்லை.

"நாள் முழுக்கத் தனிய விட ஏலாது தம்பி. தாயை விட்டுப் பிரிக்க இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. அதுக்குள்ள ஒரு வழி செய்யுங்கோ. அடுத்த கிழமை வீட்டில பாவிச்ச துணி ஒண்டு கொண்டு வாங்கோ. தாயோட போட்டு வைப்பம். வாசம் பழகின துணியோட போனா குட்டி அழாது."

அந்த வாரமே வேலையை மாற்றிக்கொண்டான். காலையிலும் பகலிலும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஸ்கூல் ஹயர், இடையில் வீடு. சாயந்தரம்தான் டவுன். கழிவுத் தண்ணீர் ஓடும் கானுப் பக்கம் இருந்த இடைவெளியைக் கம்பி வலையால் அடைத்தான். எலி மருந்தை எடுத்து வீசினான். தரையில் கிடந்த வயர்களை ஆணியடித்து உயர்த்தினான். மிருக வைத்தியரிடம் போய் எந்த ஊசியை எப்போது போட வேண்டும் என்று எழுதி வாங்கி வந்தான். ஒவ்வொன்றையும் வீரம்மாவுக்குப் போனில் காட்டினான்.

துணிக்கு, தான் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றை எடுத்து வைத்திருந்தான்.

"அது எதுக்கு? அலுமாரியில என் மஞ்சச் சேலை இருக்குல்ல, அதக் குடுங்க" என்றாள்.

"அது வேணாம்."

"ஏன்? கிழிஞ்ச சேலதானே?"

"தோய்க்கல."

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் உடுத்தியிருந்த சேலை அது. வீரம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னும் என் வாசம் இருக்கா அதுல?"

"இருக்கு. முன்ன மாதிரி இல்ல. கொறஞ்சிட்டே வருது."

"அப்ப முழுசாப் போறதுக்கு முன்னாடி குடுத்துருங்க. நான் வர்றப்ப அது என்னைப் பார்த்துக் குலைக்கக் கூடாதுங்க."

அடுத்த வாரம் பேராதனைக்குப் போய்ச் சேலையைக் கொடுத்தான். தாய் நாய் அதன் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, நகத்தால் பிறாண்டிவிட்டுப் படுத்தது. நூல் பிரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மண் நிறக் குட்டி வந்து மடிப்புக்குள் மூக்கை நுழைத்தது.

மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை, குட்டியை அந்தச் சேலையோடு பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தான். நுவரெலியா ரோட்டு வளைவுகளில் அது இரண்டு தரம் வாந்தி எடுத்தது. ஆட்டோவைத் தேயிலைக்குப் பக்கத்தில் நிறுத்தித் துடைத்துவிட்டான். "இந்தா வந்துருச்சு, அடுத்த வளைவுதான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்கு வீரம்மா வீடியோவில் அழைத்தாள்.

"என்ன பேரு வைக்கிறது?" என்று கேட்டான்.

"நான் வந்து வைக்கிறேன். அதுவரைக்கும் குட்டின்னே கூப்பிடுங்க."

ஸ்கூல் ஹயருக்கு நேரமாகிவிட்டது. அவன் சாவியை எடுத்ததுமே குட்டி பெட்டி விளிம்பில் கால் வைத்து அழத் தொடங்கியது. அவன் கேட் வரை போய்த் திரும்பி வந்தான்.

"போனை அதுக்கு முன்னாடி வச்சிட்டுப் போங்க" என்றாள் வீரம்மா. "மேடம் வர்ற வரைக்கும் நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

பெட்டியில் சாய்த்து வைத்தான். குட்டி அழுகையை நிறுத்தித் தலையைச் சரித்துப் பார்த்தது. அவன் கதவைச் சாத்திவிட்டு ஆட்டோவில் ஏறினான். சாவியைத் திருகவில்லை. பள்ளிக்கூடம் விட இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வீரம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.