படியில் உட்கார்ந்த பாதை

பூண்டிமேட்டில் பாதைகளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் பாதை திரும்பி வந்துவிடும். கிளம்புகிற மனிதரை அப்படிக் கேட்கக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அந்த மலையில் பாதைகளும் அந்தச் சகுனம் பார்க்கும்.

பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு ஞானசௌந்தரியும் அவள் வீட்டுக்காரர் சவரிமுத்துவும் திண்டுக்கல்லை விட்டு அங்கே குடிவந்தார்கள். அவருக்கு இந்த வயதில் மலை ஏறும் ஆசை பிறந்திருந்தது. காலையில் எந்தப் பாதை வீட்டுப் பக்கம் வருகிறதோ அதில் ஏறிப் போவார். சாயங்காலம் வேட்டியெல்லாம் புல்விதை ஒட்டத் திரும்பி வருவார். சௌந்தரிக்கு முழங்கால் வலி. சந்தைக்குப் போகும் பாதையும் மாதா கோயிலுக்குப் போகும் பாதையும் அவளுக்குப் போதும். இரண்டும் சாது.

அன்று அவர் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு ஒரு புதுப் பாதையில் போயிருந்தார். துவைத்த துணியைக் காயப்போட சௌந்தரி வெளியே வந்தாள். பீன்ஸ் கொடிகளுக்கு அப்பால் அந்தப் பாதை இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டுகிற யாரையும் கேட்டே பழகின வாய் அவளுக்கு.

"எங்கப்பா கிளம்பிட்ட?" என்றாள்.

பாதை நின்றது. பிறகு தன்னைச் சுருட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்து அடுப்படிப் படியில் உட்கார்ந்தது. அதன்மேல் சவரிமுத்து இல்லை.

போன் போட்டாள். உடனே எடுத்தார்.

"கேட்டியா?"

"பழக்கத்துல கேட்டுட்டேங்க. இப்ப எப்படி இருக்கீங்க?"

"நிக்கிறேன். முன்னாலயும் வழி இல்ல, பின்னாலயும் இல்ல. சோறு தின்னாச்சு. பனி இறங்குறதுக்குள்ள அதை அனுப்பி வை."

அவருடைய ஸ்வெட்டர் ஈரமாகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி பூண்டு உரித்த கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அந்த மலையிலேயே பிறந்தவள்.

"தண்ணி குடுங்கக்கா. கொஞ்சம் ஆறட்டும். நான் நிறைகுடத்தோட எதிர்க்க வாறேன்."

"கோவமா இருக்குமோ?"

"அதெல்லாம் இல்ல. எங்க வீட்டுக்காரரைக் கிளப்புறதுக்கு இது தேவலாம்."

சௌந்தரி ஒரு செம்புத் தண்ணீரைப் படியில் ஊற்றினாள். பாதை குடித்தது. செல்லக்கிளி குடத்தோடு எதிரே வந்தாள். பாதை எழுந்து, கொடிகளைத் தாண்டி, வேலி வரைக்கும் போனது. அந்த நேரம் பார்த்துக் குளிர்காற்றில் சௌந்தரிக்குத் தும்மல் வந்தது. ஒற்றைத் தும்மல். பாதை திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

"இன்னொன்னு சேர்த்துத் தும்மியிருக்கலாம்ல," என்றாள் செல்லக்கிளி.

மேலே மலையின் தலை தெரியவில்லை. பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

மறுபடி தண்ணீர், மறுபடி குடம். இந்தத் தடவை சௌந்தரி வெளியே நிற்கவில்லை. உள்ளே போய் மாதா படத்தின் முன் மெல்ல முழங்காலிட்டாள். பிள்ளைகளை நினைத்தாள். பெரியவன் மஸ்கட் கிளம்பிய அன்றும் வாசலில் வைத்து, போகிற இடம் எது, யார் வீடு என்று துருவித் துருவிக் கேட்டாள். சின்னவள் ஓசூருக்குப் போனபோதும் அப்படித்தான். இருவரும் சும்மா இரும்மா என்றே சொன்னார்கள். போன பிறகும் அவள் விடவில்லை. ஜெபத்தில்கூட, இப்போது எங்கே இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்றே மாதாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம், அவர்களுக்குத் துணையாகக் கிளம்புகிற மாதாவும் எத்தனை முறைதான் திரும்பி வந்து உட்காருவாள்.

"அம்மா, போற இடத்துல நல்லா வச்சிரு," என்று மட்டும் இன்றைக்குச் சொன்னாள். வேறொன்றும் கேட்கவில்லை. அப்படி ஜெபித்துப் பழக்கமில்லாததால் பாதியிலேயே முடிந்துபோனது போலிருந்தது.

எழுந்து வந்து பார்த்தபோது படி காலியாக இருந்தது.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் வேலிப் பக்கம் இருமல் கேட்டது. சவரிமுத்து பாதையில் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் ஓர் அருவி வந்தது.

"பாதை வர நேரமாச்சு. அதுவரை இவங்க பக்கத்துலதான் நின்னேன். பாதை வந்தப்புறமும், பனியில இவரை எப்படித் தனியா அனுப்புறதுன்னு கூடவே வந்துட்டாங்க," என்றார்.

சௌந்தரி அவர் தோளில் போர்வையைப் போர்த்தினாள். முகம் திருப்பி அருவியிடம், "உள்ள வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும்," என்றாள்.

அருவி வாசலில் நின்று காலைக் கழுவிக்கொண்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தது.