குதூவின் வாய்

மயிலாப்பூரில் பல் வைத்தியம் பார்க்கிறவனுக்குக் குதிரை எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. தொண்ணூற்று நாலில், தொந்தி நன்றாக விழுந்த பிறகு, கிண்டிப் பக்கம் ஒரு சவாரி கிளப்பில் சேர்ந்தேன். சேர்ந்த கையோடு நாலு வயதுக் குதிரை ஒன்றையும் வாங்கிவிட்டேன். கதனகுதூகலம் என்று ராகத்தின் பெயரைச் சூட்டினேன். லாயத்தில் அதைக் கவனித்துக்கொண்ட நூர் முஹம்மது இரண்டே நாளில் அதைக் குதூ ஆக்கிவிட்டார்.

குதூ அசுர பலசாலி. லகானை இழுத்தால் நிற்க வேண்டுமா இல்லையா? அது தலையை அண்ணாந்துகொண்டு பறக்கும். ஒருநாள் என்னையும் சுமந்துகொண்டு போய், கிளப் செயலாளர் சிதம்பரநாதனின் ஸ்கூட்டரைக் குப்புறத் தள்ளியது.

"டாக்டர், ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்குள்ள நிக்கப் பழகலேன்னா குதிரைய வேற எங்கயாவது அனுப்பிடுங்க" என்றார் அவர்.

அந்தக் குதிரை என் தோளில் மூச்சுவிடும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. அதை அனுப்பிவிட்டு என்ன செய்வேன்?

கோளாறு கடிவாளத்தில்தான் என்று முடிவு கட்டினேன். படித்தவன் அல்லவா! லஸ் முனை நடைபாதையில் பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. குதிரையின் வாய்க்குள் போகிற அந்த இரும்பில் இத்தனை தினுசா என்று அசந்துபோனேன். நோயாளிகள் வாயைப் பிளந்தபடி காத்திருக்க, நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

நடுவில் மூட்டு வைத்ததைப் போட்டேன். குதூ ஓடியது. முறுக்குக் கம்பி போட்டேன். இன்னும் வேகமாக ஓடியது.

"இன்னா சார், வாயா இது? கருங்கல்லு கணக்கா கீது! ரெண்டு பக்கமும் தண்டு நீட்டிக்கினு இருக்குமே, அத்தப் போடு சார், அடங்கிரும்" என்றார் நூர் முஹம்மது. இரண்டு நிபுணர்களும் தலையாட்டிக்கொண்டோம். அதைப் போட்டதும் குதூ பின்னங்காலில் எழுந்து நின்றது. நான் சாணத்தில் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மாலை, இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு என் மனைவி நீரஜாவிடம் புலம்பினேன். "அதுக்கு வாய் மரத்துப் போயிருக்கு. இன்னும் கடுசாப் போட்டாத்தான் வழிக்கு வரும்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஏன்னா, அதோட வாய்க்குள்ள பாத்தேளா?"

"அதான் புஸ்தகத்துல..."

"புஸ்தகத்துல இல்லன்னா. வாயத் தொறந்து."

காலையிலிருந்து ராத்திரி வரை ஊராரை 'ஆ' காட்டச் சொல்லியே பிழைக்கிறவன், என் சொந்தக் குதிரையிடம் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஞாயிறு விடிந்ததும் டார்ச்சோடு போய் நின்றேன். நூர் முஹம்மது குதூவின் நாக்கை ஒதுக்கிப் பிடித்தார். மேல்தாடையில், கடைவாய்ப் பற்களுக்கு முன்னால், கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு சின்னப் பல். சுற்றிலும் ஈறு கிழிந்து ரத்தம் கசிந்தது. நான் லகானை இழுத்த ஒவ்வொரு தடவையும் இரும்பு அதில்தான் இடித்திருக்கிறது. வலி தாங்காமல் ஓடியிருக்கிறது குதூ, பாவம். நான் வலியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

"தப்பு பண்ணிட்டோம் சார்" என்றார் நூர் முஹம்மது. நான் அழுதுவிட்டேன்.

சிதம்பரநாதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். புண் ஆறட்டும் என்று தவணை கொடுத்தார். கால்நடை டாக்டர் மயக்க ஊசி போட்டுப் பல்லை எடுத்தார். டார்ச் பிடித்த நான் கண்ணை மூடிக்கொண்டதால், தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.

இப்போது குதூவுக்கு ரப்பர் சுற்றிய, மெத்தென்ற கடிவாளம்தான். லகானை விரலால் தொட்டாலே நிற்கிறது. கிளப்பை விட்டுப் போக வேண்டியதில்லை. நூர் முஹம்மது கடிவாளத்தைக் கொண்டுபோனால் தானே வாயைத் திறக்கிறது. நான் போனால் மட்டும் தாடையை இறுக்கிக்கொள்கிறது. வெறும் கையில் வெல்லத்தை வைத்து நீட்டுகிறேன். உதட்டால் வாங்கிக்கொள்கிறது, பல்லைக் காட்டுவதில்லை.