மீட்டருக்கு இந்தப் பக்கம்

குனிய முடியாத இடுப்போடு குனிந்து, ஆப்பிள் மரத்து நிழலில் புல்லின்மேல் மாவு தூவிக்கொண்டிருந்தாள் ஓபல். காலை ரொட்டிக்கென்று வைத்திருந்த மாவு. தோண்டப்போகிற இடத்தை வெள்ளையில் குறித்து வையுங்கள், மண்ணுக்குள் கம்பி எதுவும் போகிறதா என்று எங்கள் ஆள் வந்து பார்ப்பார் என்று கம்பி குறிக்கிற கம்பெனிப் பெண் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். வீட்டில் வெள்ளைப் பெயின்ட் இல்லை.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. படுத்த படுக்கையானதிலிருந்து அவள் கணவர் டெல்மரின் கட்டில் அந்த ஜன்னலை ஒட்டித்தான் கிடந்தது. ஓபல் நாளெல்லாம் நிற்கிற இடம் அதுதான் என்று அவரே அங்கே போடச் சொல்லியிருந்தார்.

"கோணலா இருக்கு ஓபல்."

"படுக்கப் போறவனுக்குக் கோணல் தெரியாது. சும்மா இரு."

"தலை மேற்கே. மாத்திப் போட்டுடாத. கடைசி நாள்ல எல்லாரும் கிழக்கப் பார்த்து எழுந்திரிக்கும்போது நான் மட்டும் கோழிக்கூண்டப் பார்த்து எழுந்திரிச்சா அசிங்கம்."

"எதைப் பார்த்து எழுந்திரிச்சாலும் உனக்குக் காப்பி வர்ற வரைக்கும் கண்ணு தெரியாது."

டெல்மர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஓபல் கை நிறைய மாவோடு அசையாமல் நின்று, இருமல் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு நாலாவது கோட்டைப் போட்டாள்.

"என்ன வேலைக்குத் தோண்டுறீங்கன்னு கேட்டிருப்பாளே?"

"கேட்டா. வேலியா, மரமா, தாழ்வாரமான்னா."

"நீ என்ன சொன்ன?"

"ஆளுன்னேன்."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் எத்தனை அடி ஆழம்னு கேட்டா."

"நல்ல பொண்ணு," என்றார் டெல்மர். "அதத்தான் கேக்கணும்."

அவர் இப்படிச் சொன்னதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கென்டக்கியின் அந்த மலைச்சரிவில் டெலிபோன் கேபிள் புதைத்தே வயதானவர் அவர். ஓடைக்கரையில் எவன் வேலிக்கம்பம் நட மண்வெட்டி எடுத்தாலும், வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார். "கூப்பிட்டுக் கேட்டியா? கீழ என்ன போகுதுன்னு தெரியுமா?" ஒருமுறை சர்ச்சுக்குப் பெயர்ப்பலகை நட, பாதிரியாரே கடப்பாரையோடு வந்தார். குறிக்கிற ஆள் வரும்வரை டெல்மர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, கால் மேல் கால் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அப்படிப்பட்டவரிடம் அவருடைய சொந்த முற்றத்தைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் வேறு பதில். "நான் இருக்கேன்ல? என்னைக் கேளு."

ஓபல் உள்ளே வந்து கை கழுவினாள். உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு, அவருக்கு முதுகு காட்டி நின்று தோல் சீவத் தொடங்கினாள். மகள் ஜெனீவா ஒஹையோவிலிருந்து கிளம்பிவிட்டாள், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள் என்றாள். சூப்பில் வெண்ணெய் போடட்டுமா, டாக்டர் வேண்டாமென்றாரே, இனிமேல் அவர் சொல்லி என்ன, போட்டுவிடட்டுமா என்றாள். பதில் இல்லை.

"போடவா வேண்டாமா? வாயத் திறந்து சொன்னா என்ன?"

கத்தி நின்றது. அவள் உடனே திரும்பவில்லை. கையில் இருந்த கிழங்கை முழுவதும் சீவி, தண்ணீரில் போட்டு, பிறகுதான் திரும்பினாள். அவர் முகம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் போய், சாவு வீட்டு வழக்கப்படி சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினாள். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பையும் அணைத்தாள்.

*

மறுநாள் காலை முன்னறையில் பெட்டி இருந்தது. டெல்மரின் தம்பி ஹோபர்ட் அறுத்துச் சேர்த்த பெட்டி. கதவுக்கு வெளியே சர்ச் ஆண்கள் மண்வெட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்கள். சமையலறை மேசை நிறையப் பண்டங்கள் வந்திருந்தன, பாத்திரத்தின் அடியில் அவரவர் பெயர் எழுதி ஒட்டியபடி. சொந்த நிலத்தில் அடக்கம் செய்ய வேண்டிய அனுமதியெல்லாம் ஜெனீவா முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாள். மதியத்துக்குமேல் பாதிரியார் வருவார். அந்தப் பக்கத்தில் குழியைத் தோண்டி ராத்திரி முழுக்கத் திறந்து போடுகிற வழக்கம் கிடையாது. தோண்டிய அன்றைக்கே மூடியாக வேண்டும். அதனால் எல்லாரும் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்தார்கள்.

கம்பி குறிக்கிறவள், பெயர் டார்லா. வெள்ளை வண்டியில் வந்தாள். கையில் கம்பி தேடுகிற மஞ்சள் கருவி, இடுப்புப் பையில் வண்ண வண்ணமாகச் சிறு கொடிகள். சாலையோரக் கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை டெலிபோனுக்கு ஆரஞ்சுக் கொடி நட்டாள். கரன்ட் மீட்டர் வரை சிவப்பு நட்டாள். ஆப்பிள் மரத்துப் பக்கம் எதுவும் வரவில்லை. ஓபல் ஊன்றுகோலைப் பிடித்தபடி மூச்சை விட்டாள்.

"முடிஞ்சுது மிஸ் ஓபல். எங்க கம்பி எதுவும் அந்தப் பக்கம் இல்ல."

"அப்ப தோண்டலாமா?"

டார்லா முற்றத்தின் கோடியைப் பார்த்தாள். அங்கே கிணற்று மோட்டார் அறை நின்றது. "அந்த மோட்டாருக்குக் கரன்ட் எப்படிப் போகுது? மேல ஒண்ணும் காணோமே."

"மண்ணுக்குள்ள," என்றாள் ஓபல். "போற வயரும் வர்ற தண்ணிக்குழாயும் ஒரே பள்ளத்துல. அவன்தான் புதைச்சான்."

"அது எங்க கணக்குல வராதும்மா. மீட்டர் வரைக்கும்தான் நாங்க. மீட்டருக்கு இந்தப் பக்கம் எல்லாம் வீட்டுக்காரங்களோடது. எந்த வழியாக் கொண்டுவந்தாருன்னு தெரியுமா?"

ஓபல் சமையலறை ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள்.

"டெல்மர், அந்தக் குழாய்..."

சொல்லிவிட்டாள். எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. ஜன்னலுக்குள் உறை உருவிய தலையணை மட்டும் இருந்தது. ஜெனீவா வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹோபர்ட் முற்றத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஊரையே கூப்பிட்டுக் கேளுன்னு சொன்னவன், தன் வீட்டுல அடையாளத்துக்கு ஒரு கல்லுகூட நட்டு வைக்கலையே!"

மோட்டார் அறையிலிருந்து வீட்டுச் சுவருக்கு நேராக ஒரு கோடு இழுத்தால் அது மாவுக் கோட்டின் நட்டநடுவில் போகும். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாய்மேல் யாரைப் படுக்க வைப்பது?

ஹோபர்ட் உள்ளே போய்ச் சட்டை மாட்டுகிற கம்பிகள் இரண்டை எடுத்து வந்து நிமிர்த்தினார். கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் பார்க்கிறவர்போல மூச்சுக்கூட விடாமல் முற்றத்தில் நடந்தார். கம்பிகள் மரத்தடியில் ஒன்றையொன்று தொட்டன. படிக்கட்டருகே தொட்டன. கோழிக்கூண்டுக்கு எதிரே தொட்டன. அவர் சும்மா நின்றபோதும் தொட்டன.

"ஹோபர்ட் சித்தப்பா, அது உங்க பெல்ட்டக் காட்டுது," என்றாள் ஜெனீவா.

"சிரி, சிரி. இந்தக் கிணத்துக்கு இடம் காட்டினது எங்கப்பா. இதே மாதிரிக் கம்பி வச்சுத்தான்."

"அவர் காட்டின இடத்துல தண்ணியே வரலைன்னு அப்பா சொன்னாரே. வேற இடத்துல தோண்டினாங்களாமே."

"உங்கப்பனுக்கு எங்கப்பாவக் குறை சொல்லலைன்னா சோறு இறங்காது." சொல்லிவிட்டு ஹோபர்ட் முன்னறைக் கதவைப் பார்த்தார். கம்பிகளைக் கீழே போட்டார். பிறகு ஓபலிடம் வந்து தணிந்த குரலில் பேசினார்.

"மலை மேல நம்ம குடும்பத்துக் கல்லறை இடம் இருக்கு. அப்பா அம்மா பக்கத்துல. அங்க குழாயுமில்ல, வயருமில்ல. இப்ப ஆரம்பிச்சா பாதிரியார் வர்றதுக்குள்ள தோண்டிடலாம். உன்னை நான் வண்டில ஏத்திக் கூட்டிட்டுப் போறேன்."

"எப்பெப்ப?"

"கல்லறைக்குப் பூ வைக்கிற நாளுக்கு. வருஷா வருஷம். சத்தியமா."

"மத்த நாளு?"

ஹோபர்ட் தொப்பி விளிம்பை இழுத்துக் கண்ணுக்கு மேலே இறக்கிக்கொண்டார். மலைமேல் போகிற பாதை ஆடு ஏறுகிற பாதை. ஓபலின் இடுப்பு உடைந்து சேர்ந்தபிறகு அவள் அங்கே போனதே இல்லை.

அவள் டார்லாவிடம் திரும்பினாள். "கண்ணு, அந்த மிஷின வச்சு நம்ம வயரையும் பாத்துச் சொல்ல முடியாதா?"

"பாக்கலாம். ஆனா கூடாது மிஸ் ஓபல். நான் தப்பாக் காட்டி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிடும். தனியாச் செய்யுற கம்பெனி இருக்கு. அவங்க அடுத்த வாரம்தான் வருவாங்க."

"சரி கண்ணு. உன் மேல தப்பில்ல." ஓபல் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிடாமப் போகாத. ஜெனீவா, அந்தப் பொண்ணுக்குத் தட்டுல போட்டுக் குடு."

டார்லா வண்டியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பன்றித்தொடைக் கறியையும் அவரையையும் சோளரொட்டியையும் சாப்பிட்டாள். ஆண்கள் மண்வெட்டிகளைத் தோளில் எடுத்தார்கள். ஹோபர்ட் மலைப்பாதையைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஓபல் மாவுக் கோட்டருகே நின்றாள். பனியில் நனைந்து மாவு பசையாகியிருந்தது. ஓரத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அவள் நகரவில்லை.

வண்டிக் கதவு அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டது. டார்லா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கம்பெனிப் பெயர் போட்ட மேல்சட்டையைக் கழற்றி வண்டியிலேயே போட்டிருந்தாள். கையில் மஞ்சள் கருவி மட்டும்.

"இது என் சாப்பாட்டு நேரம்," என்றாள். "சாப்பாட்டு நேரத்துல நான் யாருக்கும் வேலைக்காரி இல்ல. இந்த ஓடைப் பக்கம் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக் கூப்பிட்டவரு அவர் ஒருத்தர்தான். பக்கத்து வீட்டுத் தபால் பெட்டிக்குக்கூடக் கூப்பிடுவாரு. ஆனா நான் காட்டினாலும் கையாலதான் தோண்டணும். மெதுவா."

"மெதுவாத்தான் தோண்டுவாங்க," என்றாள் ஓபல். "இவங்களப் பாத்தாத் தெரியலையா?"

டார்லா மோட்டார் அறைக்குள் போய், வயரில் ஒரு கவ்வியை மாட்டிவிட்டு வந்தாள். கருவியைத் தரைக்குமேல் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நடந்தாள். வயருக்கு நேர்மேலே வந்தால் அது கீச்சென்று கத்தியது. விலகினால் முனகியது. கத்துகிற இடத்திலெல்லாம் சிவப்புக் கொடி. முதலில் நேராகத்தான் வந்தது. மாவுக் கோட்டைப் பார்த்து, பிசகாமல். ஓபல் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் நின்றது.

டார்லா பின்னால் போனாள். மறுபடி வந்தாள். அதே இடத்தில் கருவி ஊமையாயிற்று. அவள் பக்கவாட்டில் ஓரடி வைத்தாள், இன்னும் ஓரடி வைத்தாள். மறுபடி கீச்சென்றது. அங்கே ஒரு கொடி. அதற்கடுத்த கொடி இன்னும் தள்ளி. கொடிகள் மரத்தை விட்டு அகலமாக விலகி, வளைந்து போய், வீட்டை நெருங்கும்போது திரும்பி வந்து சுவரில் சேர்ந்தன.

"குடிச்சுட்டுத் தோண்டினானா?" என்றார் ஹோபர்ட். "நேரா வந்தா பாதி வேலை. எதுக்கு இந்தச் சுத்து?"

"கீழ பாறை இருக்கும்," என்றார் சர்ச் ஆட்களில் ஒருவர்.

இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து வளைவுக்குள் குத்திப் பார்த்தார்கள். பிடி வரைக்கும் இறங்கியது. இன்னொரு இடத்தில் குத்தினார்கள். அங்கேயும் இறங்கியது. ஒரு கூழாங்கல்கூடத் தட்டவில்லை.

"மரத்து வேருக்காக இருக்குமோ?"

"வீடு கட்டின வருஷம் இந்த மரம் ஒரு குச்சி," என்றாள் ஓபல். "அந்த வருஷம்தான் குழாய் போட்டான். ஜெனீவா பிறக்கக்கூட இல்ல."

ஹோபர்ட் கொடிகளின் ஓரமாக நடந்தார். வளைவுக்கும் மரத்துக்கும் நடுவில் நின்று கையை விரித்துப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு இது ரொம்ப அகலம்," என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஜெனீவா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். டார்லா கருவியை அணைத்தாள்.

பிறகு ஆண்கள் வேலையைத் தொடங்க வந்தார்கள். ஹோபர்ட் மாவுக் கோட்டுக்குள், அந்த இடத்தின் நடுவில், மண்வெட்டியை ஊன்றினார்.

"நடுவுல வேண்டாம்," என்றாள் ஓபல்.

"நடுவுலன்னாத்தான் குழாய் எந்தப் பக்கமும் இடிக்காது."

"தள்ளிப் போ. அந்த ஓரமாத் தோண்டு. வீட்டுப் பக்கத்த விட்டுடு."

"ஏன் ஓபல்?"

"அவன் எப்பவும் அந்தப் பக்கம்தான் படுப்பான்."

ஹோபர்ட் ஓரமாகப் போனார். புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்து அடுக்கினார்கள். ஜெனீவா சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கே போடட்டும் என்று கேட்டாள். ஓபல் ஊன்றுகோலால் வீட்டுப் பக்கத்தைக் காட்டினாள். நாற்காலியின் கால்கள் புல்லில் அழுந்தின. அவள் உட்கார்ந்துகொண்டாள்.

மண் ஈரமாக, கறுப்பாக வந்தது. ஒரு கட்டி உருண்டு வந்து அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் செருப்பின்மேல் உடைந்தது.

"கொஞ்சம் நகர்ந்துக்கோ ஓபல்," என்றார் குழிக்குள்ளிருந்து ஹோபர்ட். "அழுக்காயிடும்."

அவள் கால்களை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.