ஏழு ஐம்பதுக்கு பெவ் பேசவில்லை

எங்கள் வானொலி மேனேஜர் நெவில் ஸ்டூடியோவுக்குள் வந்து உட்கார்ந்த அந்தக் காலையில் மழை பெய்துகொண்டிருந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். தகரக் கூரைமேல் விழுந்த தூறலின் சத்தம் மைக் வழியாக ஊர் முழுவதும் போனதாக எனக்கு ஞாபகம். அங்கே என்னோடு வேலை செய்த பெவ், மழையே இல்லை என்று அடித்துச் சொல்கிறாள். அந்த இலையுதிர்காலம் முழுக்க எங்கள் ஊர் நாரபெல்லில் ஒரு சொட்டு விழவில்லையாம்; கோதுமை விதைக்கவே ஆட்கள் தயங்கிய வருஷமாம். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். நான் அதிகம் பேசாதவன். பேசாதவர்கள் எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, எது நடந்தது, எதைத் தாங்களே சேர்த்துக்கொண்டோம் என்று பிரிக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். ஆகவே மழையை விட்டுவிடுகிறேன். மற்றதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எங்கள் வானொலியில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை பெவ் ஹாலரன் பேசுவாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாட்டுகளையும் விளம்பரங்களையும் ஓட்டுவதும், மணிக்கொரு முறை செய்தி வாசிப்பதும் என் வேலை. கோதுமை விலை, ஆட்டுச் சந்தை, பள்ளிக்கூடப் பேருந்து தாமதம் என்று போகும் அந்த மூன்று மணி நேரத்தில் ஏழு ஐம்பது மட்டும் தனி. அது மரண அறிவிப்பு நேரம். கொஞ்சம் ஆர்கன் இசை, பிறகு பெயர், எந்தத் தேவாலயம், எத்தனை மணிக்கு, பெண்கள் ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவரவும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் பெவ் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவாள். அந்த நேரத்தில் யார் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார்கள். பேக்கரிக்காரி ரொட்டி வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிடுவாள்.

அந்த வருஷம் எங்கள் நிலையத்தை சிட்னிக் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. சர்வே தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அவர்கள் அனுப்பிய ஆள்தான் க்ரெய்க் டன்ஸ்டன். நல்ல சட்டை போட்ட, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத இளைஞன். சர்வே என்பது இதுதான்: சில வீடுகளில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்தக் கால்மணி நேரத்தில் எந்த நிலையம் ஓடியது என்று வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் கட்டங்களில் குறிக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் வேறு வீடுகள், மொத்தம் ஒரு மாதம். யார் வீட்டில் புத்தகம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அந்த வாரங்களில் பெட்ரோல் பங்கில் வண்டிக்குப் பின்னால் நிற்கிறவனுக்குக்கூட நாங்கள் மரியாதையாக வழி விடுவோம். சர்வேயைப் பற்றி ஒலிபரப்பில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி.

மெயின் தெருவின் மறுகோடியில் இருந்த எஃப்.எம். நிலையம் கிடார் பாட்டுகளாகப் போட்டு எங்களை நெருங்கிக்கொண்டிருந்தது. காலை நிகழ்ச்சி இரண்டாம் இடத்துக்கு இறங்கினால் இனிமேல் அதை சிட்னியிலிருந்தே லைனில் அனுப்பிவிடுவோம், பெவ் வீட்டுக்குப் போகலாம் என்று க்ரெய்க் கூட்டத்தில் நேராகவே சொன்னான். பிறகு மரண அறிவிப்புக்கு வந்தான்.

"காலையில டோஸ்ட் தின்னுக்கிட்டு இருக்கறவன் செத்தவங்களைப் பத்திக் கேட்க விரும்ப மாட்டான், பெவ். ஸ்டேஷனை மாத்திடுவான். சர்வே முடியற வரைக்கும் ஊர்ல யாரும் சாகலைன்னு வெச்சுக்குங்க."

"அதை நீயே போய் அவங்ககிட்ட சொல்லிடு, கண்ணு. ஆஸ்பத்திரி ரயில் கேட் தாண்டி ரெண்டாவது திருப்பம்."

எங்கள் மேனேஜர் நெவில் ப்ரூவர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் குதிரை உதைத்து மூக்கெலும்பு வளைந்துபோனதால், அவர் கனைத்தால் கடைசியில் ஒரு விசில் வரும். அவர் வருவதற்கு முன்னே அது வரும். பப்பில் குடித்தவர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். அன்று கனைத்துவிட்டு, ஒரு மாதம்தானே பெவ், பல்லைக் கடித்துக்கொள் என்றார். கம்பெனிக்காரர்கள் முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான்.

முதல் திங்கட்கிழமை, ஏழு ஐம்பதுக்கு ஓட்ட வேண்டிய பாட்டைத் தயாராக வைத்திருந்தேன். பெவ் "மணி ஏழு ஐம்பது" என்றாள். நான் பாட்டுக்குக் கை வைத்தேன். அவள் உள்ளங்கையைக் காட்டினாள். பொறு. அதன்பின் அவள் எதுவும் பேசவில்லை.

வானொலியில் சத்தமின்மையைவிடப் பெரிய குற்றம் இல்லை. எங்கள் அலமாரியில் அதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லையென்றால் நிலையம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதுவாகவே சிட்னி ஒலிபரப்புக்கு மாற்றிவிடும். அதன் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. பெவ்வைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே என் விரல் அவள் மைக்கின் ஒலியை உச்சிவரை தள்ளியது. அறையே வெளியே போகத் தொடங்கியது: நாற்காலியின் கிறீச், டீக்கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம், கம்பத்தில் ஒரு மேக்பை பறவை, ரயில் கேட்டில் கியர் மாற்றிய கோதுமை லாரி. பெட்டிக்கு அது போதும். விளக்கு அணைந்தது.

என் வாழ்நாளில் மௌனத்தை அவ்வளவு உரக்க நான் கேட்டதில்லை. வழக்கமான அறிவிப்புக்கு ஆகும் நேரம் முடிந்ததும் பெவ் மணி சொன்னாள். நான் பாட்டைப் போட்டேன். க்ரெய்க் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"வாசிக்காதேன்னு சொன்னே. வாசிக்கலை."

"அந்த இடத்துல பாட்டு போடணும்."

"அது அவங்க நேரம். உன் பாட்டுக்கு மிச்ச காலை பூரா கெடக்கு."

"நாளைக்கே உங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போடுவேன்."

பெவ் சிரித்தாள். "சர்வே நடுவுல குரலை மாத்தப் போறியா? மாத்து பார்ப்போம்."

அவனால் முடியாது. பழகிய குரல் காணாமல் போனால் கையில் புத்தகம் வைத்திருப்பவன் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவான். சர்வே முடியும்வரை எந்தக் குரலையும் தொடாதீர்கள் என்று கூட்டத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான். அந்த ஒரு மாதமும் அவளை யாராலும் அசைக்க முடியாது. சர்வே முடிந்த அடுத்த நாள் அவளைக் காப்பாற்ற எதுவும் இல்லை. இரண்டும் அவளுக்குத் தெரியும். டீ ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

க்ரெய்க் என் பக்கம் வந்து, நாளைக்கு மைக்கை ஏற்றக் கூடாது என்றான். நான் பதில் சொல்லவில்லை. என் பேசாமையை ஆட்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள், அவனும் எடுத்துக்கொண்டான். மறுநாள் ஏற்றினேன். அதற்கடுத்த நாளும்.

காரணத்தைப் பெவ் ஒலிபரப்பில் சொல்லவே இல்லை, சொல்லவும் முடியாது. ஊருக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்த நேரத்தில் என்ன வாசிப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரோ அவள் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு நாளில் புரிந்துகொண்டார்கள். பேக்கரிக்காரி கரும்பலகையில் இறைச்சி அடைத்த 'பை' பலகாரத்தின் விலைக்குக் கீழே செத்தவர்களின் பெயரைச் சாக்கட்டியால் எழுதத் தொடங்கினாள். பிணச்சடங்கு நிலையத்துக்குத் தொலைபேசி ஓயவில்லை. தெருவில் போன ஒருவன் வண்டியை நிறுத்தி, "இன்னைக்கு ரொம்ப நல்லா வாசிச்சே பெவ்" என்று கத்திவிட்டுப் போனான். எல்லோரும் அந்த இரண்டு நிமிஷத்துக்கு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். ஒருத்தி தன் வீட்டு நாய் குரைத்தது அதில் கேட்டது என்றாள். ஒருவன் அலை சத்தம் கேட்டது என்றான். கடல் எங்களிடமிருந்து ஒரு நாள் பயணம்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை. நான் மழை என்று நினைத்த காலை. ஏழு ஐம்பதுக்குச் சற்று முன் நெவில் ஸ்டூடியோவுக்குள் வந்தார். முந்தின ராத்திரி அவருடைய அப்பா வால் ப்ரூவர் இறந்துபோயிருந்தார். எங்கள் மூவரைத் தவிர அது அப்போது யாருக்கும் தெரியாது. வால் முப்பது வருஷம் கோதுமைக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். சனிக்கிழமைகளில் கால்பந்து நடுவராக இருந்து பாதி ஊரை மைதானத்தை விட்டு வெளியேற்றியவர். நெவிலின் டை ஒரு பக்கம் போயிருந்தது. விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தார். வராந்தாவில் க்ரெய்க் கண்ணாடியைத் தட்டி, வேண்டாம் என்று கை காட்டினான்.

பெவ் மணி சொன்னாள். பிறகு மைக்கின் கையை நெவில் பக்கமாகத் திருப்பினாள்.

அவர் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார், மூடினார். மேஜையில் கைகளை வைத்தார், எடுத்தார். பிறகு கனைத்தார். கடைசியில் அந்த விசில். மறுபடியும் ஒருமுறை. அதன்பின் மூச்சு மட்டும். விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. நான் மைக்கை ஏற்றியே வைத்திருந்தேன். பெவ் அவர் தோளைத் தொட்டுவிட்டு நேரத்தைச் சொன்னாள்.

ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் ரொட்டி வாங்கப் போனேன். கரும்பலகையில் 'பை' விலைக்குக் கீழே வால் ப்ரூவர் என்று எழுதியிருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். நெவில்தான் சொன்னாரே, நீதானே அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய் என்றாள் பேக்கரிக்காரி.

சனிக்கிழமை தேவாலயத்துக்குள் இடமில்லாமல் ஆட்கள் புல்தரையில் நின்றார்கள். வால் மைதானத்திலிருந்து வெளியேற்றிய ஒருவர்கூட பாக்கியில்லை என்று நினைக்கிறேன். சடங்கு முடிந்து கூடத்தில் மேஜை முழுக்க முட்டை சாண்ட்விச்சும் லேமிங்டன் கேக்கும். க்ரெய்க்கும் வந்திருந்தான், அதற்காக அவனை மதிக்கிறேன். டீயோடு பெவ்விடம் வந்து, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான்.

"அறிவிப்பே இல்லாம இத்தனை பேர் வந்திருக்காங்க. அப்போ அறிவிப்பு எதுக்கு, பெவ்?"

"அறிவிப்பு இருந்துச்சு, கண்ணு. உனக்குத்தான் கேட்கலை."

பின்னால் அந்த விசில் கேட்டது. நெவில் தட்டைக் கீழே வைத்தார். "திங்கட்கிழமை பேரோட வாசி, பெவ். இதுவரைக்கும் வாசிக்காம விட்டவங்க எல்லாரையும் சேர்த்து வாசி. மேனேஜர் நான்தான்."

"நெவில், இதுல உங்க வேலை போயிடும்" என்றான் க்ரெய்க்.

"போகட்டும். எங்கப்பாவைச் சர்வே முடிஞ்சப்புறம் சாகச் சொல்லியிருக்கணுமா நான்?"

க்ரெய்க் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி அவன் கையில் ஒரு லேமிங்டனை வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை ஏழு ஐம்பதுக்கு நான் ஆர்கன் இசையைப் போட்டேன். முதல் பெயர் வால் ப்ரூவர். அதன்பின் இரண்டு வாரத்தில் இறந்தவர்கள், அடக்கம் முடிந்தவர்கள், முடியாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அவள் தன் மூச்சு நேரத்தை எடுத்துக்கொண்டாள். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. சுவர்க் கடிகாரம் எட்டைத் தாண்டியது. க்ரெய்க் வராந்தாவில் தொலைபேசியில் சிட்னியோடு பேசியபடி என்னைப் பார்த்துக் கடிகாரத்தைச் சுட்டினான். அதுவரை ஒரு நாளும் நான் செய்தியைத் தாமதமாகத் தொடங்கியவன் இல்லை. காகிதங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டேன். அவள் கடைசிப் பெயரை வாசித்து, கடைசி மூச்சையும் விட்டபிறகுதான் தொடங்கினேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. சர்வே முடியும்வரை ஒவ்வொரு நாளும் அவள் வாசித்தாள்.

சர்வே முடிந்த அன்று மத்தியானமே பெவ்வையும் நெவிலையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். மறுநாள் காலையிலிருந்து சிட்னிக்காரர்கள் பேசினார்கள். எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தார்கள்.

முடிவுகள் பிறகுதான் வந்தன. காலை முழுவதற்குமான கணக்கில் எஃப்.எம்.முக்கு நாங்கள் ஒரு மயிரிழை கீழே. ஆனால் ஏழே முக்காலிலிருந்து எட்டுவரையான கால்மணி நேரத்தில் எங்கள் கோடு தாளின் உச்சியில் நின்றது. பேசாமல் இருந்த வாரங்களிலும் அதே உயரம். எஃப்.எம்.மின் கோடு அந்த இடத்தில் தரையில் கிடந்தது. முடிவுத் தாள் இரண்டு நிலையங்களுக்கும் ஒன்றேதான். எஃப்.எம். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நேராகப் பெவ் வீட்டுக்குப் போனார்.

கிடார் பாட்டுகளுக்கு நடுவில் மரண அறிவிப்பா என்று கேட்டுப் பெவ் அவரை ஒரு வாரம் அலையவிட்டாள். பிறகு சேர்ந்தாள், என்னையும் கூட்டிக்கொண்டாள். ஓய்வு பெறும்வரை அங்கே பதினோரு வருஷம் வாசித்தாள். இப்போது மகளோடு இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம். நெவில் பாசனக் குழாய் விற்றார், ரேடியோவில் சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தார், போன குளிர்காலத்தில் இறந்தார். க்ரெய்க் வானொலியை விட்டுவிட்டுக் குவீன்ஸ்லாந்தில் வீடு விற்கிறான். பழைய நிலையக் கட்டடத்தில் டயர் கடை இருக்கிறது. சிட்னி ஒலிபரப்பு இன்னும் வருகிறது. யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. எஃப்.எம்.மில் இப்போது ஏழு ஐம்பதுக்கு வாசிப்பவன் மூக்கில் வளையம் போட்ட ஒரு பையன். பெயருக்குப் பின்னால் மூச்சு விடுவதற்கு அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். நெவில் பெயரையும் அவன்தான் வாசித்தான்.

நான் வேலையை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. இருந்தாலும் ஏழு ஐம்பதுக்கு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.